பக்கத்துத் தோட்டத்துக் கிணறு

எங்கள் வீட்டுக்குப் பின்னால் அப்பாவின் களம் இருக்கிறது. தேங்காய் மட்டையிலிருந்து நாரைப் பிரித்த பிறகு மிஞ்சும் தூளை லாரியில் கொண்டுவந்து கொட்டுவார்கள். அதில் உப்பு அதிகம். தண்ணீர் விட்டு உப்புப் போகக் கழுவி, சிமெண்டுத் தரையில் காயப்போட்டு, இயந்திரத்தில் அழுத்திக் கட்டியாக்கி அனுப்புவார் அப்பா. அந்தக் கட்டிகள் கப்பலேறிப் போகும். குளிர்நாடுகளில் கண்ணாடிக் கூடாரத்துக்குள் மண்ணுக்குப் பதிலாக அதைப் பரப்பித்தான் தக்காளி வளர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, பொள்ளாச்சிப் பக்கம் எருத்தேன்பதி தாண்டி இருக்கும் எங்கள் தோட்டம் எனக்குச் சட்டென்று பெரியதாகிவிட்டது.

நான் கோயம்புத்தூரில் எம்.பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு கூட்டுத் திட்டம் வந்தது. எங்கள் கல்லூரி மாணவர்களையும், நெதர்லாந்திலும் கென்யாவிலும் இருந்த இரண்டு கல்லூரி மாணவர்களையும் கலந்து சிறு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு குழுவும் ஒரு சின்னத் தொழிலை எடுத்துக்கொண்டு, சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் அது நீடித்து நடக்க என்ன வழி என்று ஆராய்ந்து சொல்ல வேண்டும். என் குழுவில் என்னோடு ஒரு டச்சுப் பெண்ணும் ஒரு கென்யா பையனும் இருந்தார்கள்.

முதல் வீடியோ கூட்டத்திலேயே நான் அப்பாவின் களத்தைச் சொன்னேன். ஒரு காலத்தில் ரோட்டோரம் குவித்து எரித்த குப்பை அது, இன்றைக்கு அதில் ஒரு பிடி கூட வீணாவதில்லை என்றேன். டச்சுப் பெண் திரையில் இருந்து எழுந்தே விட்டாள். அவளுடைய சித்தப்பா தக்காளி வளர்ப்பவராம். அவர் கூடாரத்தில் இதே மாதிரிக் கட்டிகளைப் பார்த்திருக்கிறாளாம். "உங்கள் அப்பாவின் தூளில் வளர்ந்த தக்காளியை நான் சாப்பிட்டிருக்கக்கூடும்" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் பூரித்துப்போனது.

அக்கம்பக்கத்துக்கு இந்தத் தொழிலால் என்ன நன்மை என்று ஒரு பகுதி எழுத வேண்டியிருந்தது. அதற்கும் என்னிடம் பதில் தயாராக இருந்தது. பக்கத்துத் தோட்டத்து வீட்டுக்கு எங்கள் போர்வெல்லில் இருந்து பைப் போட்டுக் கொடுத்திருக்கிறோம், குடிக்கவும் புழங்கவும் இலவசமாகத் தண்ணீர் போகிறது என்று சொன்னேன். நான் பொய் சொல்லவில்லை. அந்தப் பைப்பைப் போட்டபோது நான் சின்னப் பெண். அவர்கள் கிணறு கெட்டுவிட்டது, இந்தப் பக்கமே வறட்சிப் பூமி, உப்பு ஏறிவிட்டது, பாவம் என்று அப்பாதான் தண்ணீர் கொடுக்கிறார் என்றே வீட்டில் கேட்டு வளர்ந்தேன். நல்ல காரியம் செய்யும் வீட்டில் பிறந்திருக்கிறோம் என்ற நினைப்பு எனக்கு இருந்தது. டச்சுப் பெண் அதைத் தனிப் பக்கமாகவே போட்டுவிடலாம் என்றாள்.

திட்டத்தின் பாதியில் இருவரும் இந்தியாவுக்கு வந்தார்கள். கல்லூரியில் சில வகுப்புகள், பிறகு எங்கள் வீடு, பிறகு மூணார் பக்கம் ஒரு சுற்று என்று ஏற்பாடு. அவர்கள் வருகிறார்கள் என்றதும் அப்பா களத்துச் சுவருக்கு வெள்ளையடித்தார். வாசலில் கிடந்த பழைய டயர்களை அள்ளிப் பின்னால் போட்டார். அம்மா தினமும் போன் செய்தாள். "ஏங்கண்ணு, அவீங்க சந்தகை திம்பாங்களா? காரம் ஆகாதுன்னா தேங்காப்பால் ஊத்திக் குடுத்தர்லாமா?"

வந்த அன்று எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. அப்பா இருவரையும் களம் முழுக்கக் கூட்டிப்போய்க் காட்டினார். ஆங்கிலம் வராததால் கையாலேயே பேசினார். கழுவும் தொட்டி அருகே நின்றபோது கென்யா பையன் குனிந்து பார்த்தான். தொட்டியில் இருந்து கருத்த தண்ணீர் ஒரு வாய்க்கால் வழியாக வேலியோரமாகப் போய்க்கொண்டிருந்தது.

"இது எங்கே போகிறது?" என்றான்.

நான் அப்பாவிடம் கேட்டேன். "அது பள்ளத்துக்குப் போயிருங் கண்ணு. மண்ணு குடிச்சுக்கும்" என்றார் அப்பா. அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அவன் தலையாட்டினான். ஆனால் அந்த வாய்க்காலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

டச்சுப் பெண்ணுக்குப் பக்கத்துத் தோட்டத்து வீட்டைப் பார்க்க வேண்டும், தண்ணீர் பெறும் குடும்பத்தோடு பேசி வீடியோ எடுக்க வேண்டும். நான் முன்னால் நடந்தேன். அந்த வீட்டில் இருப்பவரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். உறவு கிடையாது, பழக்கத்தில் வந்த முறை; அப்பாவை அவர் அண்ணன் என்பார். அம்மா வயதுதான் இருக்கும். ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்ததும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தார்.

"வா அம்முணி, எத்தன நாளாச்சு இந்தப் பக்கம் வந்து! ஒறம்பரையெல்லாம் கூட்டிட்டு வந்திருக்கற. உக்காருங்க, உக்காருங்க."

கட்டிலை வாசலில் இழுத்துப் போட்டார். டச்சுப் பெண் போனைப் பிடித்துக்கொண்டு, அந்தத் தண்ணீர் உங்கள் வாழ்க்கையில் என்ன மாற்றத்தைக் கொண்டுவந்தது என்று கேட்கச் சொன்னாள். நான் அதைத் தமிழில் கேட்டேன். "அத்தை, எங்க பைப்புத் தண்ணி வந்ததுல உங்களுக்கு எப்படி இருக்குதுங்க?"

அத்தை என்னையே பார்த்தார். சிரிக்கிறாரா இல்லையா என்று தெரியாத மாதிரி ஒரு முகம்.

"நெசமாத்தான் கேக்கறயா?"

"ஆமாங்க அத்தை."

அவர் வீட்டுக்குப் பின்னால் நடந்தார். நாங்களும் போனோம். கிணற்றின் மேல் போட்டிருந்த தகரத்தை விலக்கி, வாளியை இறக்கி, தண்ணீர் மொண்டு மேலே இழுத்தார். பால் ஊற்றாத காப்பி நிறத்தில் இருந்தது. மேலே மெல்லிய நுரை.

"ஊத்தாட்டத் தண்ணி வந்த கெணறு அம்முணி இது. நான் கண்ணாலம் ஆயி வந்தப்ப தேங்காத்தண்ணி மாதர இனிக்கும். அண்ணன் தூளு கழுவ ஆரம்பிச்ச மறுவருசமே இப்படி ஆயிப்போச்சு. துணி தொவைச்சா துணி செவந்து போவுது. ஆடு கூட மோந்து பாத்துட்டுத் திரும்பிக்குது. கெணத்துல நல்ல தண்ணி இருந்தா நாங்க எதுக்கு உங்க பைப்பப் பாத்துட்டு நிக்கோணும்? உங்க கரண்டு போச்சுன்னா எங்க ஊட்டுல ஒலை வெக்க முடியாது. தொறந்து உடுங்கன்னு கேக்கறதுக்கு ஒவ்வொருக்காலும் கூச்சமா இருக்குது."

அவர் சொல்லி முடிக்கும்வரை எனக்கு எதுவும் விளங்கவில்லை. முடித்த பிறகு எல்லாம் விளங்கியது. நாங்கள் கெடுத்ததற்குத்தான் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தோம். அதைத்தான் நான் மூன்று நாட்டுக்குத் தர்மம் என்று சொல்லியிருந்தேன்.

டச்சுப் பெண் என்னைப் பார்த்தாள். "என்ன சொல்கிறார்?"

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். தோன்றவில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல, அத்தை சொன்னதை வரிக்கு வரி ஆங்கிலத்தில் சொன்னேன். துணி சிவப்பதையும் சொன்னேன். ஆட்டையும் சொன்னேன். கடைசி வாக்கியத்தில் இருந்தபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அப்பா கையில் இளநீரோடு நின்றுகொண்டிருந்தார். வந்தவர்களுக்காக வெட்டிக்கொண்டு வந்திருந்தார்.

அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் வாளி அங்கே இருந்தது, அதைச் சுற்றி நாங்கள் நின்றோம், நான் வேகமாகப் பேசிக்கொண்டிருந்தேன், வெள்ளைக்காரப் பெண்ணின் போன் வாளிப் பக்கம் திரும்பியிருந்தது. இது புரிய ஆங்கிலம் எதற்கு? ஆளுக்கொரு இளநீரைக் கொடுத்தார். அத்தைக்கும் ஒன்றை நீட்டினார். "எனக்கு வேண்டாமுங்கண்ணா" என்றார் அத்தை. அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பிப் போனார். நான் இளநீரை வாயில் வைத்தேன். ஒரு மடக்கோடு கீழே வைத்துவிட்டேன்.

புறப்படும்போது அத்தை என்னை மட்டும் ஆட்டுக்கொட்டகைப் பக்கம் கூப்பிட்டார். நன்றி சொல்லப்போகிறார் என்றுகூட எனக்கு ஒரு நினைப்பு ஓடியது. அதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

"அத்தனையும் அந்தப் புள்ளைக்கிட்டச் சொல்லீட்டயா?"

"ஆமாங்க அத்தை. அவங்க கேட்டாங்க."

"அவங்களா கேட்டாங்க?" அத்தையின் குரல் இறங்கிவிட்டது. "இத்தன வருசத்துல உங்க ஊட்டுல இருந்து ஒருத்தராச்சும் வந்து தண்ணி எப்படி இருக்குதுன்னு கேட்டதில்ல. இன்னைக்கு நீ கேட்டேன்னுதான் வாயத் தொறந்தேன். படிச்ச புள்ள, உனக்காச்சும் தோணுச்சேன்னு நெனச்சேன். கேட்டது நீ இல்லையாக்கும்."

நான் கேட்கவில்லை என்பது உண்மை. இன்னொருத்தியின் கேள்வி என் வாய் வழியாகப் போனது, அவ்வளவுதான். அந்த டச்சுப் பெண் வந்திராவிட்டால் நான் அந்தக் கிணற்றுப் பக்கமே போயிருக்க மாட்டேன்.

"அண்ணன் மூஞ்சியப் பாத்தயா? உங்களுக்குள்ள பேசிக்க வேண்டியத, வந்தவங்க முன்னால வெச்சு... போ சாமி, போயிச் சாப்புடு."

வீட்டில் அம்மா இடியாப்பம் மாதிரிச் சந்தகை பிழிந்து வைத்திருந்தாள். விருந்தாளிகள் இருவரும் ருசித்துச் சாப்பிட்டார்கள். அப்பா அவர்களுக்குத் தேங்காய்ப்பால் ஊற்றினார், இன்னும் கொஞ்சம் என்று சைகை காட்டினார். என் பக்கம் திரும்பவே இல்லை. கை கழுவப் போனபோதுதான் பின்னால் வந்தார்.

"அவ என்ன சொன்னா?"

சொன்னேன்.

"பைப்புப் போட்டுக் குடுத்தமில்ல? கரண்டு பில்லு நம்மளதுதான?" என்றார். "எல்லாக் களத்துலயும் இப்படித்தான் கண்ணு. நான் மட்டுமா கழுவறேன்?" பிறகு குரலைத் தணித்து, "அந்தப் புள்ள அதப் படம் புடிச்சுதா?" என்று கேட்டார்.

"ஆமாங்கப்பா."

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து, துடைத்த கையையே மறுபடி மறுபடி துடைத்தார். என்னை ஒரு சொல் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. அவரை இவ்வளவு சிறுத்துப்போய் நான் பார்த்ததே கிடையாது. அதைச் செய்தது நான். அவர் செய்தது தப்பு என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் நெஞ்சில் கிடந்தன, எதை எடுத்து எங்கே வைப்பது என்று புரியவில்லை.

மறுநாள் உடுமலைப்பேட்டை வழியாக மூணாருக்குப் போனோம். வழி நெடுக டச்சுப் பெண் பேசிக்கொண்டே வந்தாள். அவள் கெட்டவள் அல்ல, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் உற்சாகமாக இருந்தாள். "இதுவரை நம்மிடம் ஒரு விளம்பரம்தான் இருந்தது. இப்போதுதான் உண்மையான பிரச்சினை கிடைத்திருக்கிறது. திட்டத்தை முழுதாக மாற்றி எழுதலாம்" என்றாள். எங்கள் வீடு ஒரு நல்ல பாடப்பொருளாகிவிட்டது. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மாட்டுப்பட்டி அணை அருகே அவள் படகுக்கு டிக்கெட் வாங்கப் போனாள். கென்யா பையன் என்னோடு கைப்பிடிச் சுவர் அருகே நின்றான். அதிகம் பேசாதவன். அன்றைக்கு அவனாகவே பேசினான். அவனுடைய ஊர் ஒரு ஏரிக்கரையில் இருக்கிறதாம். ஏரியைச் சுற்றிப் பூத்தோட்டங்கள். ரோஜாக்கள் விமானத்தில் ஐரோப்பாவுக்குப் போகும். அவன் அம்மா பூக்களைத் தரம் பிரித்துக் கட்டும் கொட்டகையில் வேலை செய்கிறாராம். அதில் வந்த கூலியில்தான் அவன் படிக்கிறான். ஏரியில் முன்னைப்போல மீன் இல்லை என்று மாமா சொல்லிக்கொண்டே இருப்பாராம்.

"முதல் கூட்டத்தில் தொழில் ஒன்றைச் சொல்லச் சொன்னார்களே, அந்தப் பூத்தோட்டத்தைத்தான் நினைத்தேன்" என்றான். "பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அங்கே போனால் என்ன வெளிவரும் என்று எனக்குத் தெரியும். நீ உன் வீட்டுக்கே எங்களைக் கூட்டிப்போனாய்."

"எனக்குத் தெரியாததால் கூட்டிப்போனேன்" என்றேன்.

"தெரியாமலா இருந்தது?" என்றான். குத்திக்காட்டுகிற குரலில் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

வாய்க்கால் வேலிப் பக்கம் போவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். வேலிக்கு அந்தப் பக்கம் அத்தை வீடு. அவர்கள் கிணறு கெட்டது என்று கேட்டிருக்கிறேன். இவற்றைச் சேர்த்துப் பார்க்க எம்.பி.ஏ. தேவையில்லை. சேர்த்துப் பார்க்காமல் இருந்தால் வீட்டில் நிம்மதியாகச் சாப்பிடலாம், அதனால் பார்க்காமல் இருந்தேன். அவனிடம் இதைச் சொல்லவில்லை. படகு வந்துவிட்டது என்று டச்சுப் பெண் கை காட்டினாள், போனோம்.

அவர்கள் ஊர் திரும்பிய பிறகு அறிக்கையை மாற்றி எழுதினோம். கழுவின தண்ணீரைத் தரையில் விடாமல், அடியில் தார்ப்பாய் விரித்த குழியில் தேக்கி, தெளியவைத்து, மறுபடி கழுவவே பயன்படுத்தலாம் என்பது எங்கள் யோசனை. கணக்குகளைக் கென்யா பையன் போட்டான். "கற்ற பாடங்கள்" என்ற கடைசிப் பகுதியை நான்தான் எழுத வேண்டும் என்று இருவரும் சொல்லிவிட்டார்கள். கூசாமல் எழுதினேன். வெளிப்படைத்தன்மை, பாதிக்கப்பட்டவரின் குரல், உள்ளூர் நம்பிக்கை என்று நல்ல நல்ல வார்த்தைகளாகப் போட்டேன்.

இறுதி நிகழ்ச்சியில் எல்லாக் கல்லூரி ஆசிரியர்களும் திரையில் இருந்தார்கள். எங்கள் முறை வந்தபோது கிணற்று வாளியின் படம் பெரிதாக வந்தது. வாளியைப் பிடித்திருந்த கை அத்தையுடையது, கண்ணாடி வளையல்களோடு. முகம் தெரியவில்லை. அவரிடம் கேட்காமல்தான் போட்டிருந்தோம். நான் பேசி முடித்ததும் கை தட்டினார்கள். சொந்தக் குடும்பத்தின் தவறை மறைக்காமல் முன்வைத்த நேர்மை அரிதானது என்று ஒரு பேராசிரியர் சொன்னார். எங்கள் குழுவுக்குத்தான் முதல் இடம். நான் நெட் சரியில்லை என்று எழுதிப் போட்டுவிட்டு கேமராவை அணைத்தேன். அறைத்தோழி வந்து வாழ்த்தியபோது தலைவலி என்று படுத்துக்கொண்டேன்.

அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போனதும் அத்தை வீட்டுக்குப் போனேன். உங்கள் கையைப் படத்தில் காட்டினோம், கேட்காமல் காட்டிவிட்டேன் என்று சொன்னேன். போனில் படத்தைக் காட்டச் சொன்னார். வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"என்ர கைதான். பாத்தவங்க என்ன சொன்னாங்க?"

"கை தட்டுனாங்க அத்தை."

"எதுக்கு?"

எதற்கு என்று நான் எப்படிச் சொல்வேன்? போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் பொறுமையாகக் காத்திருந்தார். கடைசியில் அவரே, "செரி உடு" என்றார். "ஒண்ணு பண்ணு. உங்கப்பாவ ஒருக்கா வந்து கெணத்த எட்டிப் பாக்கச் சொல்லு. இத்தன வருசத்துல அண்ணன் இதுக்குள்ள எட்டிப் பாத்ததே இல்ல."

அப்பாவிடம் சொல்ல நான் பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, "வா" என்றார். அத்தை நாற்காலி எடுத்துப் போட்டார். அப்பா உட்காரவில்லை. நேராகக் கிணற்றடிக்குப் போய்த் தகரத்தை அவரே விலக்கினார். குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நான் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு, அப்பா சொல்லிவிடுங்கள், ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று உள்ளுக்குள் மன்றாடிக்கொண்டிருந்தேன்.

நிமிர்ந்தார். "நல்ல மழை ஒண்ணு பேஞ்சா தெளிஞ்சுரும்" என்றார்.

அத்தை என்னைப் பார்க்கவில்லை. "ஆமாங்கண்ணா, பாக்கலாமுங்க" என்று மரியாதையாகச் சொன்னார். "காப்பி குடிச்சுட்டுப் போங்க."

அந்தக் காப்பியை எங்கள் பைப்புத் தண்ணீரில்தான் வைத்திருந்தார். அப்பா நின்றபடியே குடித்தார். நானும் குடித்தேன். அணைக்கட்டின் மேல் நின்றபோதும், கைதட்டலின்போதும் வராத அழுகை அப்போது வந்தது. அடக்கிக்கொண்டேன், அங்கே அழ எனக்கு உரிமை இல்லை என்று பட்டது.

இரண்டு மூன்று வாரம் கழித்து அம்மா போனில் சொன்னாள். அப்பா ஜேசிபி வரவழைத்துக் களத்துக்கு மேற்கே குழி தோண்டுகிறாராம், தார்ப்பாய்க்குப் பொள்ளாச்சியில் சொல்லியிருக்கிறாராம். எதற்கு என்று யாரிடமும் சொல்லவில்லையாம். வேலியோர வாய்க்காலை மண் போட்டு மூடிவிட்டார். அறிக்கையைப் பற்றியோ, அன்றைக்கு நடந்ததைப் பற்றியோ இன்றுவரை என்னிடம் பேசியதில்லை. நானும் எடுப்பதில்லை.

அதற்குப் பிறகு மழையும் நன்றாகப் பெய்தது. கிணறு தெளியவில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் நான் அத்தை வீட்டுக்குப் போய் ஒரு வாளி மொண்டு பார்க்கிறேன். அத்தை தழையை நறுக்கிக்கொண்டே, நிமிராமல், "எப்படி இருக்குது அம்முணி?" என்று கேட்பார். இருக்கிறபடியே சொல்கிறேன்.